லயத்துக்குப் போகும் கடதாசி

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

அடுத்த தவணையிலிருந்து மாதம் ஒரு முறை பிள்ளைகளின் கையில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று இரண்டாம் மொழி சிங்களம் படிப்பிக்கும் நாங்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். வகுப்பில் என்ன படிக்கிறார்கள், வீட்டில் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் அதில் இருக்கும். செய்தி வெளியே போனதும் கேள்விகள் வந்தன. "கணக்கு டீச்சர் எழுதினால் சரி. சிங்கள டீச்சர் எழுதி என்ன ஆகப்போகுது?" என்றார் ஒருவர். "லயத்தில யாரு சேர் இதையெல்லாம் வாசிக்கப் போறாங்க?" என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்வி எங்களுக்குக் கனமாகப் பட்டது. அந்தக் கேள்விக்கு இந்த மலைகளில் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

இங்கே வீட்டுக்கு வந்த கடதாசி எதுவும் நல்ல செய்தியோடு வந்ததாகச் சரித்திரத்தில் அதிகம் காணோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது கடதாசி கூட இல்லை, ஒரு தகரத்துண்டு. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த அந்தத் தகரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கே போகிறோம் என்பது தங்கள் கழுத்திலேயே எழுதியிருந்தும் அவர்களால் அதை வாசிக்க முடியவில்லை.

தோட்டத்துக்கு வந்தபின் 'துண்டு'. இன்ன கங்காணியின் ஆட்கள் இவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அதிகம் தருகிற தோட்டத்தைத் தேடிப் போவார். கடன் தொழிலாளியின் தலையில், சீட்டு கங்காணியின் மடியில். 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் 'துண்டு' என்ற சொல்லுக்கு இருந்த பயம் சட்டத்தோடு போய்விடவில்லை.

பிறகு பிரஜாவுரிமைக் கடதாசிகள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருந்த முஸ்லிம்களுக்கும் அதே சட்டம்தான். மணம் முடித்தவர் 7 வருடமும் முடிக்காதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். அதுவும் 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதிக்கு முந்திய வருடங்களுக்கு. எதை வைத்து நிரூபிப்பது? கடதாசியை வைத்துத்தான். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பிறகு மனம் மாறி, 1951 ஆகஸ்ட் மாதக் கடைசித் திகதி நெருங்கும்போது விண்ணப்பங்கள் குவிந்தன. சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்கு மட்டும். அன்றைய நிர்வாகம் ஆங்கிலத்தில் நடந்தது. தங்கள் தலையெழுத்தைத் தீர்மானித்த தாள்களைத் தாங்களே வாசித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரைக் கணக்குப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்தன. மீண்டும் விண்ணப்பம், மீண்டும் கடிதம். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் முடிவுக்கு வர 2003 ஆனது.

இத்தனையும் பார்த்த ஒரு குடும்பத்துக்குப் பாடசாலையிலிருந்து மடித்த கடதாசி ஒன்று போகிறது. தாத்தா பாட்டி காலத்திலிருந்து கடதாசி என்றால் என்ன என்று அந்த வீட்டுக்குத் தெரியும். "பாத்து வை, அப்பா வரட்டும்" என்று சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பதை அலட்சியம் என்று சொல்லிவிட எங்களால் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டங்களில் தபால் இன்றும் பெரும்பாலும் தோட்டக் கந்தோருக்கு வந்துதான் லயத்துக்குப் போகிறது. வீட்டுக்கு இலக்கமில்லை, வீதிக்குப் பெயரில்லை. நேர்முகப் பரீட்சை முடிந்தபின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் கிடைத்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்றாவது இருக்கும். யார் கையிலும் தங்காமல் நேராக அடுப்படி வரை போகிற தபால் பை, பிள்ளையின் புத்தகப் பை ஒன்றுதான்.

சரி, அந்தப் பையில் பாடசாலை இதுவரை எதை அனுப்பியது?

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்த கதை மெதுவான கதை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில தோட்டங்களில் பள்ளிகள் வைத்தது. கங்காணிமார் சிலர் லயத்துத் திண்ணையில் வாத்தியார் வைத்தார்கள். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்ட நிர்வாகத்தின் மீது பொறுப்பைச் சுமத்தின. நடந்தது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. 1945இல் நாடு முழுவதும் இலவசக் கல்வி என்றார்கள். தோட்டப் பள்ளிகள் அந்தப் பந்தியில் கடைசி வரிசையில் நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு சுவீடன் நாட்டு உதவியில் கட்டடங்கள் எழும்பின, இளைஞர்கள் ஆசிரியர்களாக நியமனம் பெற்றார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்றப்பட்டவர்கள் இன்று நம் பாடசாலைகள் எங்கும் இருக்கிறார்கள்.

ஆனாலும் வீட்டுக்குப் போன கடிதத்தின் குரல் மட்டும் மாறவில்லை. 'பெற்றோர் உடன் சமூகமளிக்கவும்.' 'வசதிக் கட்டணம் செலுத்தப்படவில்லை.' 'தங்கள் பிள்ளை தொடர்ந்து வரவில்லை.' எல்லாமே பிரட்டுக்களத்தில் கேட்கிற குரல்தான். கூட்டம் வைத்தாலும் காலை பத்து மணிக்கு. பத்து மணிக்கு ஒரு தாய் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார். பாடசாலைக்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும். டவுனில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம், தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். "தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று ஆசிரியர் அறைகளில் பேசுகிறோமே, ஒரு கூட்டத்துக்காக ஒரு நாள் சம்பளத்தை விடுவீர்களா என்று நம்மிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

வீட்டோடு வேறு விதமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களிலிருந்துதான் நாங்கள் தொடங்க நினைக்கிறோம்.

முதலாமவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838-1898). சட்டத்தரணியாக இருந்தவர், பாடசாலைகள் தொடங்கியவர், பெண் பிள்ளைகளுக்கும் படிப்பு வேண்டுமென்று கண்டியில் பள்ளி வைத்தவர். 'அசன்பேயுடைய கதை' எழுதிய நாவலாசிரியராகத்தான் நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், அது பரீட்சையில் வருவதால். எங்களுக்கு முக்கியமாகப் படுவது 1882 டிசம்பரில் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகை. பாடசாலை கட்டினால் மட்டும் பிள்ளைகள் வந்துவிட மாட்டார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். படிப்பு எதற்கு என்று வீட்டுப் பெரியவர்களோடு வாரா வாரம் பேச ஒரு கடதாசி வேண்டியிருந்தது. இங்கிலீஷ் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று பயந்த வீடுகள் அவை. அந்தப் பயத்தை அவர் கேலி செய்து ஒதுக்கவில்லை. அதோடு பேசினார், திரும்பத் திரும்பப் பேசினார்.

நம் ஊர்களில் மறந்துபோன இன்னொரு விஷயம் அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு மேலும் கீழும் புள்ளி சேர்த்துப் புது எழுத்துகள் உண்டாக்கிக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் மார்க்கச் சட்டத்தையே அதில் எழுதினார்கள், அந்த நூல்கள் இலங்கை வீடுகளுக்கும் வந்தன. ஏன் இந்தச் சிரமம்? அன்றைய பெண்களில் பலர் பள்ளிக்கூடம் போனதில்லை, தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் சிறு வயதில் ஓதப் போனதால் அரபு எழுத்துத் தெரியும். எனவே அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் அவர்களுக்குத் தெரிந்த மொழியை எழுதிக் கொடுத்தார்கள். "முதலில் தமிழ் எழுத்துப் படித்துவிட்டு வா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை. கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் தொடங்கிய 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையும் அரபு எழுத்தில்தான் வந்தது.

எழுத்தே தெரியாத வீட்டுக்கு என்ன வழி? அதற்கு அட்டனுக்குத்தான் வர வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். வெளியாள் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலம். அவர் புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குப் போனார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. (புடவை மூட்டையோடு தோட்டம் தோட்டமாக நடந்த நம்மூர் பாய்மார்களின் பேரர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். துரைக்கு ஆட்சேபமில்லாமல் லயத்துக்குள் போகக்கூடிய ஆள் அன்றைக்கு அவர்தானே.) மூட்டைக்குள் துண்டுப் பிரசுரம் வைத்துக் கொண்டுபோய்விடலாம். வாசிப்பது யார்?

அங்கேதான் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் வருகிறார். கூட்டங்களில் பேச்சுக்கு முன் அவர் பாடினார். சம்பளம், கங்காணி, கடன், சட்டம் எல்லாவற்றையும் பாட்டாக்கி, மக்களுக்குப் பழகிய மெட்டில் போட்டு, சிறு புத்தகமாகவும் அச்சிட்டார். எழுத்துத் தெரிந்த ஒருவர் கையில் அந்தப் புத்தகம் போனால் போதும், மெட்டுத் தெரிந்த லயமே பாடும். காதால் வாசிப்பது என்று இதைத்தான் சொல்ல வேண்டும். எங்களுடைய கருத்தில், மலையகத்தின் முதல் பெரிய ஆசிரியை அவர்தான், அவர் பெயரில் ஒரு பாடசாலை மணி அடிக்காவிட்டாலும்.

இனி சிங்களத்துக்கு வருவோம். "சிங்கள டீச்சர் ஏன்?" என்ற முதல் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமே.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1958இல் தமிழுக்கு விசேட ஏற்பாடுகள் என்று ஒரு சட்டம். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அடுத்த ஆண்டின் 16ஆவது திருத்தம் நிர்வாக மொழியாகவும் ஆக்கியது. 1999இல் வந்த வர்த்தமானி அறிவித்தல் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக்கியது. அரச ஊழியர் இரண்டாம் மொழி படித்தே ஆக வேண்டுமென்று 2007இல் சுற்றறிக்கையும் வந்தது. சட்டப்படி, நம் மாவட்டத்தில் எந்தக் கந்தோரிலும் தமிழில் விண்ணப்பித்துத் தமிழிலேயே பதில் கேட்க முடியும்.

நடைமுறை உங்களுக்குத் தெரியும். எங்கள் கைக்கு வரும் கடிதங்களிலேயே சில இன்றும் சிங்களத்தில் மட்டும் வருகின்றன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று மூன்று பெயரோடு சாதாரணதரம் எழுத வந்து நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம். பெயரை ஒருவர் சொல்ல, இன்னொருவர் தன் காதுக்குக் கேட்டபடி தன் மொழியில் எழுத, சொன்னவருக்கு அதை வாசித்துச் சரிபார்க்க முடியாமல் போனதன் விளைவு அது. கையெழுத்து வைக்குமுன் சிங்களத்தில் தன் பிள்ளையின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க ஒரு தாய்க்கு முடிந்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தமிழில் கேட்கும் உரிமையை விட்டுவிட்டுச் சிங்களம் படியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. உரிமை உரிமையாக இருக்கட்டும், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் நாளைக்குக் கிளினிக்கில் கொடுக்கப்போகும் அட்டையை நாளைக்கே வாசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி படிப்பிக்கும் ஆசிரியர்கள் பல காலமாக வீடுகளுக்கு இப்படி மாதக் கடிதம் அனுப்புகிறார்கள். அந்த மொழி வீட்டில் யாருக்கும் தெரியாத பிள்ளைகளும் அவர்களிடம் உண்டு, அதுவே தாய்மொழியான பிள்ளைகளும் உண்டு. வீட்டுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குவது அவர்களுடைய வழிகளில் ஒன்று. நமக்கு அது இன்னும் சுலபம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் தமிழிலும் சிங்களத்திலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. மேசை அங்கே 'மேசய', சப்பாத்து அங்கே 'சபத்து', பாண் இரண்டிலும் பாண். போர்த்துக்கேயத்துக்கு உறவு மொழியான ஸ்பானியத்திலும் இவை 'மேசா', 'சபாத்தோ', 'பான்' தான். லயத்துக் காம்பரா சிங்களத்தில் 'காமரய'. கந்தோர் என்ற ஒல்லாந்தச் சொல்லை இரு மொழியும் வைத்திருக்கின்றன. தமிழின் கடை சிங்களத்தில் 'கடே' ஆனது, முதலாளி 'முதலாலி' ஆனார். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது என்று சொல்லும் பாட்டிக்கு இருபது சொல்லாவது தெரியும். அவருக்கே அது தெரியாது, அவ்வளவுதான்.

('ஹெட்ட என்ன' எல்லாருக்கும் தெரியும், கந்தோருக்குப் போனவர்கள் அத்தனை பேரும் கேட்டது. நாளைக்கு வா. அந்த 'என்ன'வைத் தமிழ் 'என்ன' என்று நினைத்து நின்ற இடத்திலேயே நின்றவர்களும் உண்டு.)

ஆகவே எங்கள் கடிதம் இப்படி இருக்கும். ஒரு பக்கம், அதற்கு மேல் இல்லை. மொழி தமிழ், பேசுகிற தமிழுக்குப் பக்கத்துத் தமிழ். மாதத்துக்கு ஏழெட்டுச் சிங்களச் சொற்கள், சிங்கள எழுத்திலும் பக்கத்தில் தமிழ் எழுத்திலும். அரபுத்தமிழ் செய்தவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது அது. முதல் மாதம் எந்தப் படிவத்திலும் வரும் சொற்கள்: 'நம' பெயர், 'லிபினய' முகவரி, 'உபன் தினய' பிறந்த திகதி, 'அத்சன' கையொப்பம். அவற்றோடு உங்கள் பிள்ளையின் பெயரைப் பிள்ளையே சிங்களத்தில் எழுதி ஒட்டியிருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லாவிட்டால் இப்போதே சொல்லுங்கள், பதினோராம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் மாதம் மருந்துச் சொற்கள்: 'கேமட்ட பெர' சாப்பாட்டுக்கு முன், 'கேமட்ட பசு' சாப்பாட்டுக்குப் பின்.

கடிதத்தைப் பிள்ளை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் அந்த வார வீட்டுப்பாடம். அப்பா அம்மாவுக்கு எழுத்துத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கேட்க முடியும். மெட்டுப் போடும் திறமை எங்களுக்கு இல்லை, பாட்டு டீச்சரிடம் கேட்டிருக்கிறோம், அவர் யோசிப்பதாகச் சொன்னார். பணம் கேட்கும் விஷயம் எதுவும் அந்தத் தாளில் வராது. கூட்டத்துக்கு அழைப்பும் வராது. அவை வேறு தாளில் போகட்டும். இந்தத் தாளைக் கண்டால் வீட்டில் யாருக்கும் வயிறு கலங்கக் கூடாது. வட்ஸ்அப்பிலும் போடுவோம், டவுன் பெற்றோருக்கு அது வசதி. ஆனால் மேல் பிரிவுகளில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், தாள்தான் பிரதானம்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். கிளினிக், தோட்டக் கந்தோர், பொலிஸ், பிரதேச செயலகம் என்று எங்கிருந்தாவது வந்து, வாசிக்க முடியாமல் வீட்டில் கிடக்கும் சிங்களக் கடதாசி இருந்தால் பிரதி எடுத்துப் பெயரையும் இலக்கங்களையும் மறைத்துப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். அடுத்தடுத்த மாதங்களின் சொற்களை அவற்றிலிருந்தே எடுக்கப்போகிறோம். கடிதத்தின் அடியில் பதிலுக்கு நாலு வரி இடம் விட்டிருக்கிறோம். தமிழில் எழுதலாம். எழுத வராவிட்டால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், வகுப்பில் கேட்டு நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.